வந்த சோலியைச் சொல்லாத ரோஸ்லின் அக்கா

முதலாளியின் கையிலிருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. அன்று காலை நான் முதலில் கவனித்தது அதைத்தான். கொதிக்கக் கொதிக்க வாங்கி, நின்றபடியே குடித்துமுடித்து, டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போகிற மனிதர் அவர். அன்று ஆடை சுருங்கி ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. அவர் அதைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"ரோஸ்லின் தவறிட்டாங்கம்மா" என்றார். என்னை அவர் அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நேத்து பூசைக்குப் போயிட்டு வந்து, கொஞ்சம் படுத்து எந்திரிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. வீட்டுக்காரரு காப்பி போட்டு எடுத்துட்டுப் போயி எழுப்பியிருக்காரு."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கடைசிவரை கேட்காமலேயே போய்விட்டாரே என்று நினைத்தேன். ஒரு சாவுச் செய்தி கேட்டதும் நினைக்கிற நினைப்பா அது என்றால், இல்லைதான். ஆனால் அக்காவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு அது புரியும்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்க வேண்டும், கூடவே இருந்தவள் நீதான் எழுத வேண்டும் என்று முதலாளி சொன்னார். எழுந்து நின்று பேச மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் இந்த முத்துமாரி. காரணம் இங்கே வேண்டாம். நாலு பேர் என்னைப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். எழுதும்போது அந்தத் தொந்தரவு இல்லை. எங்கள் ஷெட்டில் இருப்பவர்களுக்கு நான் எழுதப்போவதெல்லாம் தெரிந்த சங்கதிதான். ஆனால் சாணார்பட்டிப் பக்கமிருந்து வரப்போகிற அக்காவின் உறவினர்களுக்கு, அவர் எங்களை எப்படியெல்லாம் தவிக்கவிட்டார் என்று தெரியாது. தெரியட்டும்.

எங்கள் ஷெட் வடமதுரை ரோட்டில் இருக்கிறது. விடியலில் முருங்கைக் கொப்புகள் வந்து இறங்கும். பெண்கள் இலையை உருவி, அலசி, நிழலில் வலைமேல் பரப்பிக் காயவைப்பார்கள். காய்ந்ததைப் பொடியாக்கி மூட்டை கட்டுவோம். பெரும்பகுதி ஹாலந்தில் ஒரு கம்பெனிக்குப் போகும்; மிச்சம் கொஞ்சம் உள்ளூர்க் கடைகளுக்கு, அது அன்றாடம் நடக்கும். வைகாசியில் அவர்களுக்கு மாதிரிப் பொட்டலம் அனுப்ப வேண்டும். அதைச் சோதித்துப் பார்த்து, சரி என்று அவர்கள் ஒரு வரி எழுதினால்தான் முதலாளி விவசாயிகளிடம் மொத்தமாகக் கொப்பு வெட்டச் சொல்வார். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் இலை காயாது, கறுத்துப்போகும். அதனால் எப்போதும் அந்த ஒரு வரி ஆடிக்குள் வந்துவிடும். இந்த வருடம் ஆடி போனது, ஆவணியும் பிறந்தது, வரவில்லை.

"புரட்டாசி முடியறதுக்குள்ள பதில் வரலைன்னா ஷெட்ட தென்னநார்க்காரனுக்கு விட்டுருவேன்" என்று முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அவன் மிசின வச்சு ஓட்டிக்கிருவான். அம்புட்டு ஆளு அவனுக்கு வேண்டாம்."

இலை உருவுகிற பெண்கள் அன்று வேலை முடிந்தும் வீட்டுக்குக் கிளம்பாமல் நின்றார்கள். எனக்கு மில் பஸ் கண்ணில் தெரிந்தது. என் கூடப் பிறந்த அக்காள் ஏற்கெனவே ஒரு நூல் மில் விடுதியில் இருக்கிறாள். ஒரே கூடத்தில் வரிசையாக அடுக்குக் கட்டில்கள், குளிக்கப் போகிற இடத்தில் கூட்டம், எதற்கும் சத்தம் போட வேண்டும். "நீயெல்லாம் இங்க வந்தேன்னா ஒரு வாளிகூட கெடைக்காதுடி ஒனக்கு" என்று சிரிப்பாள். ஷெட் மூடினால் நானும் அங்கே போவது என்று எங்கள் வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். இது ரோஸ்லின் அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தும் அவர் அந்த ஒரு வரியைக் கேட்கவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஹாலந்துக்கு மடல் எழுதுவது அக்காவின் வேலை. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவர்; அவருடைய ஆங்கிலம் இஸ்திரி போட்ட சேலை மாதிரி இருக்கும். அவர் தாளில் பேனாவால் எழுதிக் கொடுப்பார், நான் கணினியில் அடித்து அனுப்புவேன். புரியாத வார்த்தைகளை போனில் போட்டுப் பார்ப்பேன். போன வருடம்வரை அங்கே ஒரு பெரியவர் இருந்தார். அக்கா எழுதும் நலம் விசாரிப்புக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, உங்களுக்கு இப்போது என்ன வேண்டும் என்று அவரே கேட்டுவிடுவார். அவர் ஓய்வுபெற்றுப் போக, இந்த வருடம் இங்கிரிட் என்கிற அம்மா வந்தார். இங்கிரிட் நல்லவர், பிரியமாக எழுதுவார். அந்தக் கேள்வியை மட்டும் கேட்க மாட்டார்.

ஆவணி பிறந்த வாரம் முதலாளி எங்கள் அறைக்குள் வந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "இன்னைக்கு நான் சொல்றேன், அப்படியே எழுதுங்க" என்றார். அக்கா பேனாவை எடுத்தார்.

"யம்மா தாயே, சாம்பிள் அனுப்பி எம்புட்டு நாளாச்சு. நீங்க அங்க தூங்குறீகளா, முழிச்சிருக்கீகளா? இங்க இத்தன பொம்பளைக வேல இல்லாம ஒக்காந்திருக்கு. எல மஞ்சளாகுது. பதில் போடுறதுக்கு ஒங்க கை என்ன கட்டியா கெடக்கு? ரோஸ்லின், போட்டீகளா?"

"போட்டுக்கிட்டே இருக்கேன் சார்."

"இதுக்கும் பதில் வரலைன்னா ஒங்க சங்காத்தமே வேணாம். முடிஞ்சது. வாசிங்க."

"இங்கிலீஷ்லதான சார் இருக்கு."

"அதுஞ் சரிதான். ஆனா நான் அம்புட்டு பேசுனேன், நாலு வரியில வந்துருச்சா?"

"இங்கிலீஷ் சுருக்கமான பாஷை சார்" என்றார் அக்கா.

அவர் போனபிறகு அந்தத் தாளை நான் அடித்தேன். அதில் இருந்தது இதுதான்: "அன்புள்ள இங்கிரிட், இங்கே வெயில் சற்றுத் தணிந்திருக்கிறது. எங்கள் முதலாளி உங்களை மிகவும் விசாரித்தார். நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டார். எங்கள் மரங்களில் இலை அழகாகப் பழுத்திருக்கிறது."

மறுநாளே பதில் வந்தது. உங்கள் முதலாளிக்கு எப்படித் தெரிந்தது, முட்டிவலியால் நான் தூங்கியே பல நாளாகிறது என்று தொடங்கி, முட்டியைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருந்தார் இங்கிரிட். மாதிரிப் பொட்டலம் பற்றி ஒரு எழுத்து இல்லை.

முதலாளி வாசலில் நின்று கேட்டார்: "என்ன எழுதியிருக்கா?"

"தூக்கமே இல்லைன்னு எழுதியிருக்காங்க சார்."

"பின்ன? நான் போட்ட போடு அப்படி" என்று மீசையைத் தடவிக்கொண்டு போனார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்தது என்பது உண்மை. சிரித்து முடித்ததும் மில் பஸ் ஞாபகம் வந்தது. "அக்கா, நேரா கேட்டா என்னக்கா?" என்றேன். அவர் தன் மூக்குக்கண்ணாடியைச் சேலை முந்தியில் துடைத்தார். "கேட்டா குடுத்துருவாங்க மாரி. ஆனா கேட்டதுக்காகக் குடுத்ததா ஆயிரும்" என்றார். ஆனால் என்ன, ஆகட்டுமே! அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாயால் சொல்லத்தான் வராதே தவிர, நான் சும்மா இருக்கவில்லை. ஞாபகப்படுத்தி எழுதும்போது மனம் நோகாமல் எப்படி எழுதுவது என்று போனில் தேடினேன். ஆங்கிலத்தில் அதற்கென்று எத்தனையோ வாசகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு தாளில் அழகாக எழுதி அக்காவின் மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை கண்டுபிடித்தார்.

"ஜென்டில் ரிமைண்டராம். மெதுவா அடிச்சாலும் அடி அடிதான?"

அடுத்தது ஜஸ்ட் செக்கிங் இன். "நாம என்ன டிக்கெட் செக்கரா?"

உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது என்று ஒன்று இருந்தது. "அப்ப அவங்க நேரமில்லாம அலையுறாங்கன்னு நாமளே முடிவு பண்ணிட்டமா?"

நீங்கள் மறந்திருக்கலாம் என்பதற்குக் கண்ணை மூடிக்கொண்டார். "சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி." என் முந்தைய மடலில் சொன்னதுபோல என்பதைப் பேனாவால் அடித்தேவிட்டார். "மாரி, இது போலீஸ் ஸ்டேஷன் பாஷை. ஒன் வாயில இதெல்லாம் வரக்கூடாது."

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்று ஒரு பாராட்டு. எனக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. கிழிக்கவில்லை, மடித்து இழுப்பறையில் போட்டேன்.

எங்கள் அறை மின்விசிறி விஷயமும் இப்படித்தான். அது நின்றுபோனபோது அக்கா முதலாளியிடம், "பாவம் சார் அந்த ஃபேனு, ரொம்ப நாளா ஒழைச்சிருச்சு" என்றார். "ஆமாங்க, நல்ல ஃபேனு" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். நாங்கள் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நான் ஒரு துண்டுத்தாளில், ஃபேன் ஓடவில்லை, ஆள் அனுப்பவும் என்று எழுதி முதலாளியின் வண்டி சீட்டில் செருகினேன். மறுநாள் ஆள் வந்தான். "என்ன மாரி, மொகத்துல அடிச்ச மாதிரியா எழுதுவாக?" என்று அக்கா வருத்தப்பட்டார். வருத்தப்பட்டபடியே நாற்காலியை மின்விசிறிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் ஏன் இப்படி இருந்தார் என்று எனக்குப் புரிந்தது தேக்சா வாங்கப் போன அன்றுதான். பிரியாணி ஆக்குகிற அந்தப் பெரிய பாத்திரத்தை, ஷெட்டில் எல்லோரையும் மேய்க்கிற பேச்சியம்மா அத்தை, பேத்தி காதுகுத்துக்கு அக்காவிடம் வாங்கிப் போயிருந்தார். காதுகுத்து முடிந்தும் தேக்சா வரவில்லை. கோயில் திருவிழாவுக்கு அது வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயிலில், என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா பேச்சியம்மா அத்தை வீட்டுக்கு நடந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு.

உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்தோம். பேத்தியின் காதுப் புண் ஆறியதா என்று பார்த்தார். மருமகளின் தலைவலி, எதிர்வீட்டு வழக்கு, வெங்காய விலை எல்லாம் பேசினார். அத்தை பணியாரம் சுட்டார். அதையும் சாப்பிட்டோம். தேக்சா எங்களுக்கு எதிரிலேயே அடுப்படி மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. நான் அக்காவின் முழங்கையை இடித்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மத்தியானம் சாய்ந்த பிறகு, "சரி பேச்சி, வாரோம்" என்று எழுந்து வாசல்வரை வந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "ஏத்தா ரோசு, வந்த சோலி என்ன? சொல்லாமலே போறவ!"

"சோலி என்ன சோலி. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

"சும்மா வாரவ இந்த வெயில்ல அந்தப் புள்ளையையும் இழுத்துக்கிட்டு வருவியாக்கும்? தேக்சாதான?"

"இருந்தா குடு. அவசரமில்ல."

"இருந்தாவா? கண்ணு முன்னால கெடக்கு. பணியாரத்த முழுங்குறப்ப பூரா அதத்தான பாத்துக்கிட்டு இருந்தா இந்த ஊமக்குட்டி" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தேக்சாவைத் தூக்கிவந்து, அதற்குள் இரண்டு தேங்காயும் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் தேக்சாவை ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா? எங்க அப்பா வெத நெல்லு வேணும்னு ஒரு வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான். வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. கெளம்பி நிக்கிறப்ப, வந்த சோலி என்னன்னு வீட்டுக்காரங்க கேக்கணும். அது அவங்க கடமை. கேக்காத வீட்டுல வாங்குறது மரியாதையில்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் ஒவ்வொரு மடலிலும் இங்கிரிட்டின் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, முட்டிவலியை விசாரித்துவிட்டு, வாசலில் வந்து நிற்கிறார். அந்த அம்மா, வந்த சோலி என்ன என்று கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறார். அது சாணார்பட்டி. இது ஹாலந்து. இங்கிரிட்டுக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. ரோஸ்லின் போகிறார் என்று கையசைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

"அந்தம்மாவுக்கு நம்ம வழக்கம் தெரியாதுக்கா" என்றேன்.

"மனுசங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு? கேப்பாங்க. பொறு" என்றார். தேக்சாவின் காது என் விரலில் பதிந்து சிவந்துபோயிருந்தது.

ஷெட்டில் பேச்சு வளர்ந்துகொண்டே போனது. பேச்சியம்மா அத்தை அறை வாசலில் வந்து நின்று, "ரோசு, ஒன் வெள்ளக்காரி இன்னைக்கு என்ன சொல்றா? முட்டிக்கு எண்ண தேச்சாளாமா? நம்ம அடுப்புல எண்ண ஊத்துறதப் பத்தி எதுவும் எழுதலையா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், அக்காவும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் அவர் முகம் கொஞ்சம் இறங்கும். நான் மட்டும்தான் அதைப் பார்ப்பேன். ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "மாரி, மில்லுல ஒனக்குக் கீழ்க் கட்டில் குடுப்பாங்களா?"

கேட்டுவிட்டு அவர் ஒரு புதுத்தாளை எடுத்தார். நெடுநேரம் யோசித்தார். எழுதினார், அடித்தார், எழுதினார். கடைசியில் மடலின் அடியில், கையெழுத்துக்கும் கீழே, பின்குறிப்பாக ஒரு வரி சேர்த்து என்னிடம் நீட்டினார். காது மடலெல்லாம் சிவந்திருந்தது அவருக்கு.

"எங்கள் முருங்கை மரங்களும் உங்களை விசாரித்தன."

"இதுக்கு மேல நேரா எப்படிக் கேக்குறது? கொஞ்சம் அதிகமாப் போயிட்டனோ?" என்றார். அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரொம்பத்தான் துணிந்துவிட்டோம் என்று பயந்துகொண்டே இருந்தார்.

இங்கிரிட்டின் பதில் உடனே வந்தது: "எவ்வளவு இனிமை! உங்கள் மரங்களுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்."

நான் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். என் வாழ்க்கையில் ஒரு பொருளை நான் அப்படி அடித்தது அதுதான் முதல். அக்கா திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு, "அன்பு சொல்லியிருக்காங்கள்ல. அடுத்த மடல்ல கேட்டுருவாங்க பாரு" என்றார். அது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த மடல் எழுத அவர் இல்லை.

அடக்கத்தன்று நான் அவர் வீட்டுச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். அக்காவின் கணவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்குப் பிரஷர் மாத்திர வாங்கிட்டு வாங்கன்னு அவ ஒரு நாளும் சொன்னதில்லய்யா. மாத்திர டப்பா இன்னைக்கு ரொம்ப லேசா இருக்கே அப்படிம்பா. நானாப் புரிஞ்சுக்கிட்டு ஓடணும்." கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், பிறகு அழுதார். அந்த ஞாயிற்றுக்கிழமை டப்பா லேசாக இருந்ததா, கனமாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

அக்கா சவப்பெட்டிக்குள் கைகளைக் கோத்து வைத்திருந்த விதம்கூட, கிளம்பட்டுமா என்று கேட்காமல் கேட்கிற மாதிரிதான் இருந்தது. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து, "அந்த வெள்ளக்காரம்மாவுக்கு ஒரு வரி போட்ரும்மா" என்றார் முதலாளி. நானாக ஒரு மடலும் எழுதியதில்லை. நிறைய யோசித்தும் எனக்கு அழகான வாசகம் எதுவும் வரவில்லை. ரோஸ்லின் ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். நான் முத்துமாரி. அவர் மடல்களை அடித்துக் கொடுத்தவள். இவ்வளவுதான் எழுதினேன். மாதிரிப் பொட்டலம் பற்றி எழுத விரல் எழவில்லை. சாவுச் செய்திக்குக் கீழே அதை எப்படி வைப்பது? அந்த நேரத்தில் நானும் ஒரு ரோஸ்லின் ஆகிவிட்டேன். இங்கிரிட் விடுமுறையில் இருக்கிறார் என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. ஆவணி முடிந்தது. தென்னைநார்க்காரர் ஒருநாள் வந்து ஷெட்டை அளந்து பார்த்துவிட்டுப் போனார்.

நேற்று இங்கிரிட்டின் மடல் வந்தது. நீளமான மடல். போனில் போட்டுப் போட்டு முழுவதும் படித்தேன். அக்காவின் மடல்களையெல்லாம் அச்செடுத்து வைத்திருக்கிறாராம். தனக்கு வருகிற மடல்களில் எல்லோரும் எதையாவது கேட்கிறார்கள், அவசரப்படுத்துகிறார்கள், ரோஸ்லின் மட்டும் ஒரு நாளும் வேலையைப் பற்றிப் பேசியதே இல்லை, அதனால் அவர் மடலைத்தான் முதலில் திறப்பதாக எழுதியிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். கடைசி வரி இப்படி இருந்தது: "எங்களால் ஆகக்கூடியது ஏதாவது இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள்."

அதைப் படித்ததும் நான் கணினியிலிருந்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். கேட்டுவிட்டார். வந்த சோலி என்ன என்று கேட்டேவிட்டார். வாசலில் நின்ற ஆள் போனபிறகு கேட்டிருக்கிறார்.

முதலாளியிடம் காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "இது சாவு வீட்டுல சொல்ற வார்த்தைம்மா. எல்லாரும் சொல்றதுதான. எதும் வேணும்னா சொல்லுங்கன்னு நாமளும் சொல்லிட்டுத்தான் வாரோம். அதுக்காக யாரு போயி கேக்குறா?"

பேச்சியம்மா அத்தை இலைக்கூடையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "என்னவாம்?" என்றார். எப்படியோ தைரியம் வந்து, கடைசி வரியைத் தமிழில் சொன்னேன்.

"கேட்டுட்டாளா?"

"கேட்டுட்டாக அத்தே."

"பெறகென்ன முழிக்கிற? சும்மா கேட்டாளோ துக்கத்துக்குக் கேட்டாளோ, வாயத் தொறந்து கேட்டுட்டால்ல. இனிமே சொல்லாட்டித்தான் அவளுக்கு மரியாதக் கொறச்சல்" என்றார் அத்தை. முதலாளி டீ டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தார். அது காலியாக இருந்தது.

ரோஸ்லின் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது முதல் வரியை மட்டும்தான். எழுதுகிற ஆளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் எனக்கும் இனி எழுத வராது. மற்றதையெல்லாம், அந்தப் பொறுமையையும் சேர்த்து, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு வருத்தமாக இருந்தால் இருக்கட்டும்.

இன்று காலை இப்படி அடித்தேன்: "அன்புள்ள இங்கிரிட், உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கேட்டதற்கு நன்றி. ஆம், ஒன்று வேண்டும். வைகாசி மாதம் அனுப்பிய மாதிரிக்கு, சரி என்றோ இல்லை என்றோ ஒரு பதில். இங்கே மழை தொடங்கும் முன்பு வேண்டும். ரோஸ்லின் இதைத்தான் கேட்க வந்திருந்தார்." ஆங்கிலத்தில் அடிக்கும்போது வைகாசியை அவர்கள் மாதமாக மாற்றினேன்.

அனுப்பிவிட்டு, ஷெட்டுக்குப் போய், பேச்சியம்மா அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலை உருவினேன்.